அட்டையில் இல்லாத வரி

தில்லைநகரில் ஒரு காப்பிக் கடை. வெள்ளைச் சுவர், நாலு பலகை, ஒரு செடி. எளிமையாம். எங்க வீட்டுச் சுவரும் வெறுஞ்சுவர்தான். அதை யாரும் அழகுன்னு சொன்னதில்லை. பால் கலக்காத காப்பி 250 ரூபாய்.

கோப்பையோடு ஓர் அட்டை தருகிறார்கள். அதையும் ஒரு பிரதியாக வாசிக்கலாம். தோட்டத்தின் பெயர், மலையின் உயரம், கொட்டையின் ரகம், வறுத்த தேதி எல்லாம் உண்டு. பழம் பறித்தது யார்? அந்த வரி இல்லை.

திருச்சிக்கு இந்த மறதி புதுசல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்கு நடந்தே போனவர்களில் திருச்சி, புதுக்கோட்டைச் சனங்கள் ஏராளம். பள்ளர், பறையர், அருந்ததியர் அதில் பெருந்தொகை. 1869இல் இலைத்துரு நோய் தலைகாட்டிக் காப்பி அழிந்தது. அதே கைகள் தேயிலைக்குப் போயின.

பறித்தவர்கள் கதை அது. குடித்தவர்கள் கதை வேறு. ஆற்றுக்கு அந்தாண்ட ஸ்ரீரங்கத்தில் பித்தளை டவரா. உதடு படாமல் தூக்கிக் குடிக்கிற ஆசாரம். சென்னையில், ஓட்டல் பலகையிலுள்ள 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லி, 1957இல் திருவல்லிக்கேணி முரளி கஃபே முன் பெரியார் மறியல் நடத்த வேண்டியிருந்தது. எங்க அப்பா டீக்கடை வாசலில் சிரட்டையில் வாங்கிக் குடித்தவர்.

அதனால ஒண்ணை ஒத்துக்கணும். இந்தக் கடையில எல்லாருக்கும் ஒரே பீங்கான் கோப்பை. எந்தத் தெருன்னு யாரும் கேக்கல. எனக்கு அது சின்ன விஷயமில்லை. ஆனால் 250 ரூபாய் இருக்கிறவனுக்குத்தான் அந்தச் சமத்துவம்.

அட்டையில வெள்ளை இடம் நிறைய இருக்கு. பறிச்சவ பேரையும் கூலியையும் எழுதுங்க.