உடுக்கை போட்ட விசுப்பலகை

எங்கள் வீட்டுத் திண்ணையில் ஒரு விசுப்பலகை கிடக்கிறது. ஆறடி நீளம், முழுக்க வேம்பு. வாழப்பாடிப் பக்கம் வருகிற யாரையும் அதில் உட்கார வைக்காமல் நான் அனுப்புவதில்லை. உட்கார்ந்ததும் கை தானாகப் பலகையைத் தடவும். நடுவில் ஓரிடத்தில் விரல் நின்றுவிடும். அந்த இடத்தைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

களத்துமேட்டில் அப்பா வைத்த வேம்பு ஓர் ஆடிக்காற்றில் சாய்ந்தது. விறகுக்குப் போட மனம் வரவில்லை. பலகையாக அறுத்து, ஊர் ஆசாரி ஐயா சொன்னபடி இடையிடையே ரீப்பர் வைத்து அடுக்கி, நிழலில் ஒரு வருடத்துக்கு மேல் காயப்போட்டோம். பிரித்துப் பார்த்தால், இருந்ததிலேயே அழகான பலகையில் ஒரு முழத்துக்கு வெடிப்பு! எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"வெடிச்ச பக்கத்தை அறுத்துத் தள்ளிடலாங்களா?"

"எதுக்குங் கண்ணு? காஞ்சா மரம் வெடிக்கத்தான் செய்யும். அதுக்கு மேல ஓடாமப் புடிச்சு நிறுத்துனாப் போதும்."

உண்மைதான். காயும் மரம் எல்லாப் பக்கமும் ஒரே அளவாகச் சுருங்காது. வைரத்திலிருந்து பட்டையை நோக்கிச் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு, வளையத்தின் போக்கில் சுருங்கும். அந்த இழுபறியில்தான் பலகை பிளக்கிறது.

ஆசாரி ஐயா பூவரசுத் துண்டொன்றை எடுத்தார். உடுக்கை வடிவில் இரண்டு கட்டைகள் செதுக்கினார். வெடிப்பின் குறுக்கே அதே வடிவில் உளியால் பள்ளம் எடுத்து, கட்டையை வைத்துக் கொட்டாப்புளியால் மெல்லத் தட்டினார். எடுத்தார், ஒரு சீவல் சீவினார், மறுபடி வைத்துத் தட்டினார். எத்தனை தடவை என்று எண்ணவில்லை. அவர் கண் கட்டையில் இல்லை. காது அந்தச் சத்தத்தில் இருந்தது. 'டொக்' என்றிருந்தது ஒரு கட்டத்தில் 'திம்' என்று மாறியதும் கையை எடுத்துவிட்டார். இன்றுவரை அந்தப் பொருத்தில் ஒரு தலைமுடி நுழையாது. கால்களுக்கும் இரும்பாணி கிடையாது, துளையும் மூங்கில் ஆணியும்தான். மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்கும் மரத்தோடு மூங்கில் ஒத்துப்போகும். இரும்பு ஒத்துப்போகாது.

பிற்பாடு ஜார்ஜ் நகஷிமாவைப் பற்றிப் படித்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. 1937 முதல் 1939 வரை புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தில் கோல்கொண்டே விடுதியைக் கட்டும் பணியில் இருந்தவர் அவர். அமெரிக்கா திரும்பியபின் மரச்சாமான் செய்து உலகப் புகழ் பெற்றார். வெடித்த பலகையை ஒதுக்காமல், வண்ணத்துப்பூச்சி வடிவக் கட்டை போட்டு அதையே மேசையாக்குவார். அவரது வண்ணத்துப்பூச்சியும் எங்கள் ஐயாவின் உடுக்கையும் ஒன்றேதான்! ஐயா அந்தப் பெயரைக்கூடக் கேள்விப்பட்டதில்லை.

எங்கள் சேலம் மாவட்டத்துக்கு இந்த மரவேலை நுணுக்கம் புதிதல்ல. ஆத்தூர் தாண்டி தம்மம்பட்டிக்குப் போய்ப் பாருங்கள். வாகைக் கட்டையிலிருந்து சாமி எழுந்துவருவதை நின்று பார்க்கலாம். அந்த மரச்சிற்பத்துக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. விசுப்பலகை செய்யும் ஊர் ஆசாரிக்கு அப்படி எந்த முத்திரையும் இல்லை. வேலை மட்டும் அதே வேலை.

உங்கள் தோட்டத்தில் ஒரு மரம் சாய்ந்தால் விறகுக்காரருக்குச் சொல்லிவிடுவதற்கு முன்னால், ஒரே ஒரு தடவை உங்கள் ஊர் ஆசாரியைக் கூப்பிட்டுக் காட்டுங்கள்.