வகுத்தலை எங்கே வைப்பது?

பெரியகுளம் வட்டத்து ஜெயமங்கலம் போன்ற ஓர் ஊருக்குத் தமிழ் விக்கிப்பீடியாவில் பக்கம் எழுதுகிறீர்கள் என்று வையுங்கள். ஓரத்துப் பெட்டியில் மக்கள்தொகையும் பரப்பளவும் கொடுத்தால், அடர்த்தியை அந்தப் பெட்டியை உருவாக்கும் வார்ப்புருவே (டெம்ப்ளேட்) வகுத்துக் காட்டும்படி அமைக்க முடியும். தேனி மாவட்டத்தையே எடுத்துக்கொள்வோம். 2011 கணக்கெடுப்பின்படி 1245899 பேர், 2868 சதுர கிலோமீட்டர் என்று இட்டால், 434 என்று வந்து நிற்கும்.

இதன் பலன் பெரியது. நாளை மக்கள்தொகையைத் திருத்துகிறவர் அடர்த்தியையும் தேடித் திருத்த வேண்டியதில்லை. நிரல் எழுதத் தெரியாதவரும் சரியான கணக்கைத் தர முடிகிறது.

ஆனால் நம் வழக்கப்படி 12,45,899 என்று காற்புள்ளி வைத்து இட்டுப் பாருங்கள். வகுத்தல் நின்று, பிழைச் செய்தி வரும். பரப்பளவைக் காலியாக விட்டாலும் அதே கதி. அதைத் தடுக்க ஒரு நிபந்தனை, காற்புள்ளியை நீக்க இன்னொன்று என்று சேர்க்கச் சேர்க்க, ஒற்றை வகுத்தலைச் சுற்றி அடைப்புக்குறிகள் புதராக மண்டிவிடும். பிறகு அதில் கைவைக்க எவருக்கும் துணிவு வராது. பெரிய வார்ப்புருக்கள் பக்கத்தையே மந்தமாக்கின. 2013-இல் விக்கித் திட்டங்கள் கனமான கணக்குகளுக்கு லுவா மொழியைக் கொண்டுவந்ததன் பின்னணி இதுதான்.

பிழைச் செய்தியாவது கண்ணில் படுகிறது. பேசாமல் தப்பாகப் போடும் கணக்குதான் ஆபத்து. வலைத்தளங்கள் உருவாக்கப் பயன்படும் ஜாங்கோவின் வார்ப்புருவில் கூட்டலுக்கான 'ஆட்' வடிகட்டியிடம் 12.5 கிலோ திராட்சையோடு 2 கிலோவைக் கூட்டச் சொன்னால் 14 என்கிறது. இரண்டையும் முதலில் முழு எண்ணாக்கிவிடுவதால் அரை கிலோ சத்தமின்றிக் காணாமல்போகிறது. பில்லில் அது நடந்தால் நஷ்டம் விற்றவருக்கு.

கணினி அறிவியலாளர் டெரன்ஸ் பார் 2004-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில், தரவின் மதிப்பை வைத்து வார்ப்புரு கணக்கே போடக் கூடாது என்றார். எனக்கு அது சற்றுக் கறாராகத் தெரிகிறது. அட்டவணைக்கு வரிசை எண் இடுவதும், பட்டை வரைபடத்தின் நீளத்தைக் கணிப்பதும் காட்சியின் வேலைகள். அவற்றை நிரலுக்குள் தள்ளினால் அங்கே குப்பை சேரும்.

ஆகவே நான் கேட்பது ஒன்றுதான்: கணக்குத் தவறினால் என்ன ஆகும்? பட்டை கொஞ்சம் நீளும் என்றால் வார்ப்புருவிலேயே இருக்கட்டும். அடர்த்தியும் இருக்கலாம், பக்கத்திலேயே இரண்டு எண்களும் இருப்பதால் சந்தேகப்படுகிறவர் வகுத்துப் பார்த்துக்கொள்வார். ஒருவர் கையிலிருந்து காசு போகும் என்றால், அந்தக் கணக்கு சோதித்துப் பார்க்கக்கூடிய நிரலில் ஒரே இடத்தில் நடக்கட்டும். வார்ப்புரு விடையை மட்டும் எழுதட்டும்.