வானத்து இரைச்சலும் வரைபடத்தின் மௌனமும்

விஞ்ஞான அறிக்கையொன்றை விமர்சனத்திற்கு உட்படுத்துதல் கலைத்துறையினர்க்கு உரிய பணியன்று எனச் சிலர் கருதக்கூடும். ஆயினும் அறிக்கையும் ஒரு நூலே. தான் அறிந்தது எது, ஊகித்தது எது என்பதை அது வாசகனுக்கு எங்ஙனம் உணர்த்துகின்றது என்னும் வினா எந்நூலுக்கும் பொதுவானதாகும். அவ்வகையில் நோக்கத்தக்கது, சர்வதேச வானொலி ஆலோசனைக் குழு 1963 இல் ஜெனீவாவில் ஏற்றுக்கொண்ட 322 ஆம் இலக்க அறிக்கை. மின்னல்கள் எழுப்பும் வானொலி இரைச்சலை உலகப் படத்தில் வரைந்து காட்டுவதே அதன் நோக்கம்.

மின்னல் ஒவ்வொன்றும் ஒரு வானொலி அலைபரப்பி எனலாம். அது கதிர்க்கும் ஆற்றலிற் பெரும்பங்கு 3 முதல் 30 கிலோஹேர்ட்ஸ் வரையான மிகத் தாழ்ந்த மீடிறன்களில் வெளிப்படுகின்றது. இவ்வலைகள் நிலத்திற்கும் மேல்வளிமண்டலத்து மின்னேற்றப் படைக்கும் இடையே ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் செல்லவல்லன. ஆகவே ஓரிடத்து வாங்கியிற் பதியும் இரைச்சல் அவ்விடத்து மேகத்தின் குரல் மட்டுமன்று. தொலைதூரத்து மின்னல்கள் பலவற்றின் கூட்டுக் குரலுமாகும்.

1957 இல் தொடங்கிய சர்வதேசப் பூகோள பௌதிக ஆண்டையொட்டி, உலகெங்கும் 16 நிலையங்களில் ஒரே வகையான வாங்கிகள் இயங்கலாயின. 13 கிலோஹேர்ட்ஸ் தொடக்கம் 20 மெகாஹேர்ட்ஸ் வரை எட்டு மீடிறன்களில் இரைச்சல் அளக்கப்பட்டது. நான்கு பருவங்களுக்கும் நாளின் ஆறு நேரக்கூறுகளுக்குமாக 24 படங்கள் எழுந்தன. சிதறிக்கிடந்த அவதானங்களை ஒரே அளவுகோலின்கீழ்க் கொணர்ந்தமை இவ்வறிக்கையின் பெருஞ்சாதனை. வானொலித் தொடர்பை அமைப்போர் நெடுங்காலம் அதனை நம்பியதில் வியப்பில்லை.

எனினும் 16 புள்ளிகளைக் கொண்டு கடல்களும் கண்டங்களும் முழுமையாக நிரப்பப்பட்டுள்ளன. அளந்த இடம் எது, நிரப்பிய இடம் எது என்பதைக் கோடுகள் பிரித்துக் காட்டுவதில்லை. பெறுமானங்களின் பரவலைக் குறிக்கும் எண்களும் அறிக்கையில் உள்ளன என்பது உண்மையே. ஆனால் அவை மீடிறனுக்கு மீடிறன் மாறுகின்றனவேயன்றி இடத்துக்கு இடம் மாறுவதில்லை. நிலையம் இருந்த சிங்கப்பூருக்கும், நிலையமே இல்லாத நடுச்சமுத்திரத்திற்கும் ஒரே ஐயம்! ஏட்டுச்சுவடியைப் பதிப்பிப்போர் செல்லரித்த இடத்தைப் புள்ளியிட்டுக் காட்டுவர். தாமாகச் சொற்பெய்து நிரப்பின் அதனையும் குறிப்பிடுவர். அந்நேர்மை இப்படங்களில் இல்லை.

இரண்டாவது குறை இதனினும் நுட்பமானது. படங்களின் கோடுகள் 1 மெகாஹேர்ட்ஸ் மீடிறனுக்கு உரியவை. 10 கிலோஹேர்ட்சின் பெறுமானத்தை வேண்டுவோர், உடன்தரப்பட்ட வளையிகளின் வழியே அதனைப் பெறல்வேண்டும். பகலில் 1 மெகாஹேர்ட்ஸ் அலை தொலைவு செல்லாது. 10 கிலோஹேர்ட்ஸ் அலையோ நெடுந்தூரம் செல்லும். அயலிலே கேட்பதைக் கொண்டு தொலைவிலிருந்து வருவதைக் கணிப்பது பொருந்துமா?

இவை வெறும் ஐயங்கள் அல்ல. 1985 இல் ஸ்போல்டிங், வாஷ்பேர்ன் ஆகியோர் சோவியத் நிலையங்களின் தரவுகளையும் சேர்த்துப் படங்களைத் திருத்தியபோது, சில பிரதேசங்களில் 10 டெசிபெல்லையும் கடந்த மாற்றங்கள் நேர்ந்தன. 10 டெசிபெல் என்பது வலுவிற் பத்து மடங்கு. அதே ஆண்டிலிருந்து ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகம் எட்டு நிலையங்களில் 10 ஹேர்ட்ஸ் முதல் 32 கிலோஹேர்ட்ஸ் வரை நேரடியாகவே அளக்கத் தொடங்கியது. இரண்டாவது குறைக்கு இது தக்க விடை. ஆனால் கிறீன்லாந்து முதல் அந்தாட்டிக்கா வரை அமைந்த அந்த எட்டில் ஒன்றேனும் அயனவலயத்தில் இல்லை. இடிமழையிலிருந்து விலகி நின்றாற்றான் உலக இரைச்சலைத் தெளிவாகக் கேட்கலாம் என்னும் நியாயம் மறுக்கத்தக்கதன்று. எனினும் மின்னலின் தாயகத்தில் வாழ்வோரின் வாங்கிகள் எதிர்கொள்ளும் இரைச்சலை அது முழுதும் கூறாது. இலங்கையிற் பதியப்பெற்ற மின்னற் கதிர்ப்புப் புலங்களைப் பற்றிக் கூரே, லுண்ட்குவிஸ்ட் ஆகியோர் 1985 இல் வெளியிட்ட ஆய்வு, அயனவலய மின்னலை அங்கு நின்றே அளத்தல் இயலும் என்பதற்குச் சான்றாகும்.

322 ஆம் அறிக்கை தள்ளத்தக்கதன்று, ஐயத்துடன் பயிலத்தக்கது. அறியாத இடத்தை வெறுமையாக விடுவதும் அறிவின் ஒரு பகுதியே என்பதை அது மறந்துவிட்டது. வெறுமை தெரிந்தாலன்றோ அங்கு ஒரு வாங்கியை நிறுத்த எவரும் முன்வருவர்?