தன் பாட்டுக்கு இருத்தல்: கவனம் பற்றிய புத்தகங்களும் பழவேற்காட்டுப் பாடு முறையும்

கவனச்சிதறலிலிருந்து தப்பிக்கச் சொல்லித்தரும் புத்தகங்களுக்கு இப்போது தனி அலமாரியே தேவைப்படுகிறது. கால் நியூபோர்ட்டின் ‘டீப் வொர்க்’ (2016), ‘டிஜிட்டல் மினிமலிசம்’ (2019), நிர் இயாலின் ‘இன்டிஸ்ட்ராக்டபிள்’ (2019) என்று வரிசை நீள்கிறது. ஐடி வேலையில் இருப்பவர்களுக்கு இவை கிட்டத்தட்ட பாடப்புத்தகங்கள். நோட்டிஃபிகேஷனை அணை, ஆப்பை நீக்கு, காலை முதல் இரண்டு மணிநேரம் போனைத் தொடாதே. ஒன்றும் தப்பான அறிவுரை இல்லை. ஆனால் இவற்றுக்கு அடியில் ஒரு முன்முடிவு ஓடுகிறது: கவனம் என்பது தனி ஆளின் சொத்து, அதைக் காப்பது அவர் பொறுப்பு, தொலைத்தால் குற்றமும் அவருடையது. என் சண்டை அந்த முன்முடிவோடுதான்.

முதலில் இயாலை எடுத்துக்கொள்வோம். 2014இல் இவர் எழுதிய ‘ஹுக்ட்’, பயனர்களுக்குப் பழக்கம் ஏற்படுத்தும் பொருள்களை வடிவமைப்பது எப்படி என்று நிறுவனங்களுக்குச் சொல்லித்தந்த கையேடு. தூண்டுதல், செயல், நிச்சயமற்ற பரிசு, முதலீடு என்று நான்கே படிகள். ஐந்து வருடம் கழித்து, அதே ஆள் சிதறாமல் இருப்பது எப்படி என்று எழுதுகிறார். கொக்கி விற்றவரே மீனுக்கும் ஆலோசனை சொல்லலாம், அதில் பாவமில்லை. ஆனால் சிதறலின் வேர் நமக்குள் இருக்கும் அசௌகரியம் என்று இரண்டாவது புத்தகம் சொல்லும்போது, முதல் புத்தகம் கற்றுத்தந்த வடிவமைப்பு மெதுவாகக் காட்சியிலிருந்து நகர்ந்துவிடுகிறது.

நியூபோர்ட் இன்னும் ஆழமானவர். ஆனால் அவர் தரும் உதாரணங்களைக் கவனியுங்கள். டொனால்ட் நூத் 1990 ஜனவரி 1 முதல் மின்னஞ்சல் வைத்துக்கொள்ளவில்லை. கணினியியலில் அவ்வளவு பெரிய வேலை செய்த மனிதர், அதனால் உதாரணம் பிரமாதமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவருக்கு வரும் கடிதங்களைப் பிரித்து, தேவையானதை மட்டும் எடுத்துவைக்க ஒரு செயலாளர் இருந்தார். நூத்தின் அமைதி, இன்னொருவரின் வேலைநாளுக்குள் நடக்கும் குறுக்கீடுகளால் ஆனது. டீப் வொர்க்கில் இதற்கு ஒரு வரி கிடைக்கலாம், ஒரு அத்தியாயம் கிடைக்காது.

சரி, கவனத்தைத் தனிச்சொத்தாகப் பார்க்காமல் வேறு எப்படிப் பார்ப்பது? அதற்குப் பழவேற்காடு ஏரிக்குப் போக வேண்டும்.

*

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டரில் இருக்கிறது பழவேற்காடு. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. அதைக் கடலிலிருந்து பிரிக்கும் தீவு ஸ்ரீஹரிகோட்டா. ஏரியும் கடலும் சேரும் முகத்துவாரத்தை ஒட்டிய பகுதியில்தான் இறால் அதிகம். ஓதம் ஏறி இறங்கும்போது நீரோட்டத்தோடு இறாலும் நகரும். குறுக்கே கழி நட்டு வலை கட்டினால் மாட்டும். ஆனால் நல்ல இடங்கள் கொஞ்சம்தான். எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்கினால் வலையோடு வலை சிக்கும், முன்னால் கட்டியவரின் வலை பின்னால் இருப்பவரின் மீனைத் தடுக்கும், கடைசியில் கைகலப்பு.

இதற்குக் கோட்டைக்குப்பம் போன்ற பட்டினவர் ஊர்கள் கண்ட வழிதான் பாடு முறை. ஊரில் தலைக்கட்டாகச் சேர்ந்தவர்கள் குழுக்களாகப் பிரிந்து, சீட்டுக் குலுக்கி, எந்த இடம் யாருக்கு, எந்த நாள் யாருக்கு என்று முடிவு செய்வார்கள். முறை சுற்றிக்கொண்டே இருக்கும். இன்று நல்ல இடம் கிடைத்தவருக்கு நாளை சுமாரான இடம். மீறினால் ஊர் கேட்கும். 1991இல் செபாஸ்டியன் மாத்யூ உலக உணவு வேளாண்மை நிறுவனத்துக்காக இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்.

பொதுவளம் என்றால் ஆளாளுக்குச் சுரண்டி அழித்துவிடுவார்கள் என்று காரெட் ஹார்டின் 1968இல் எழுதினார். அப்படி இல்லை, மக்கள் தாங்களே விதி செய்துகொள்வார்கள் என்று 1990இல் புத்தகம் எழுதிக் காட்டினார் எலினோர் ஆஸ்ட்ரம். துருக்கியின் அலன்யாவில் மீனவர்கள் சீட்டுக் குலுக்கி தினமும் இடம் மாறுவது அவர் தரும் உதாரணங்களில் ஒன்று. 2009இல் பொருளாதாரத்துக்கான நோபல் பெற்றார்.

மீன்பிடிப்பே நிச்சயமற்ற பரிசுதான் என்பது இங்கே முக்கியம். வலையை இழுக்கும்வரை என்ன வரும் என்று தெரியாது. இயாலின் மூன்றாவது படி அச்சாக இதுதான். இன்னும் ஒரு இழுப்பு, இன்னும் ஒரு இழுப்பு என்று இழுத்துக்கொண்டே இருக்கத் தோன்றும். ஆனால் ஓதம் திரும்பும், முறை முடியும், அடுத்த குழு வரும். நிறுத்துவதற்கு மீனவரின் மன உறுதி மட்டும் போதும் என்று யாரும் விட்டுவிடவில்லை. 2006இல் ஆசா ராஸ்கின் வடிவமைத்த முடிவில்லா ஸ்க்ரோலில் இல்லாதது இந்த ஓதம்தான். நிறுத்தும் வேலை முழுக்கப் பயனரின் தலையில் விழுகிறது.

*

‘பாடு’ என்ற சொல்லைக் கொஞ்சம் பார்க்கலாம். உழைப்பும் பாடு, கஷ்டமும் பாடு, வலையில் கிடைத்ததும் மீன்பாடு. பேச்சில் இன்னொன்று இருக்கிறது: “அவன் பாட்டுக்கு வேலையைப் பார்த்துட்டிருக்கான்.” யாரும் தொந்தரவு செய்யாத, யாரையும் தொந்தரவு செய்யாத நிலைக்குத் தமிழில் இருக்கும் சொல், பங்கையும் முறையையும் குறிக்கும் அதே சொல்லிலிருந்து வந்திருக்கிறது. மொழி எதையும் நிரூபிப்பதில்லை. ஆனால் ‘ஃபோகஸ்’ என்ற சொல் சொல்லாத ஒன்றை இது சொல்கிறது: என் பாட்டுக்கு நான் இருக்க வேண்டுமென்றால், அடுத்தவர் பாடு எது என்பதும் முடிவாகியிருக்க வேண்டும்.

மென்பொருள் துறையில் நமக்கு இது புதிதில்லை. ஆன்-கால் ரோட்டேஷன் என்பது பாடு முறையேதான். இந்த வாரம் சர்வர் விழுந்தால் இவர் எழுந்திருப்பார், மற்றவர்கள் தூங்கலாம். மன உறுதி பற்றி யாரும் பேசுவதில்லை, அட்டவணை பேசுகிறது. ஆனால் இதே டீமில் பகல் நேரத்து ஸ்லாக் செய்திகளுக்கு எந்த அட்டவணையும் கிடையாது. “க்விக் கேள்வி” என்று யாரும் யாரையும் எப்போதும் கூப்பிடலாம். பதில் சொல்லாதவர் ‘டீம் ப்ளேயர்’ இல்லை. இந்த நிலையில் ஒருவர் மட்டும் டீப் வொர்க் படித்துவிட்டு நோட்டிஃபிகேஷனை அணைத்தால், அவருக்கு வர வேண்டிய கேள்விகள் பக்கத்து சீட்டுக்குப் போகும். நியூபோர்ட்டே 2021இல் ‘எ வேர்ல்ட் வித்தவுட் ஈமெயில்’ எழுதும்போது இந்த இடத்துக்கு வந்துசேர்கிறார்: சிக்கல் பழக்கத்தில் மட்டும் இல்லை, வேலை ஒழுங்கமைக்கப்பட்டிருக்கும் விதத்தில் என்கிறார். என் கணக்கில் அவருடைய நல்ல புத்தகம் அதுதான். குறைவாகப் படிக்கப்படுவதும் அதுதான், ஏனென்றால் அதைத் தனியாளாகச் செய்து பார்க்க முடியாது.

*

பாடு முறையை இங்கேயே நிறுத்தி ஒரு கிராமத்துக் கவிதையாக்கிவிடலாம். நியாயமாகாது. பாடு எல்லோருக்கும் கிடையாது. அது பட்டினவர்களின் உரிமை. ஏரியை நம்பி வாழும் மற்ற சாதியினரும் பழங்குடியினரும் அந்தச் சீட்டில் இல்லை. தண்ணீரில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடிக்கும் இருளர்களுக்கு அந்த வட்டத்தில் இடமில்லை. உரிமை குடும்பத்து ஆணின் பெயரில் வரும், மீனைச் சந்தைக்குக் கொண்டுபோகும் பெண்களின் பெயரில் வராது. உள்ளே இருப்பவர்களுக்குள் நேர்மையான விதி, வெளியே இருப்பவர்களுக்குச் சுவர்.

அலுவலகத்திலும் இதே கேள்விதான். சீனியர் இன்ஜினியர்கள் ‘நோ மீட்டிங் டே’ வைத்துக்கொள்ளும்போது அன்றைய அழைப்புகளை யார் எடுக்கிறார்கள்? பெரும்பாலும் சப்போர்ட்டில் இருக்கும் ஒப்பந்தப் பணியாளர். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவரின் கதவு மூடியிருக்க, கேஸ்காரருக்கும் கூரியருக்கும் யார் எழுந்து போகிறார்கள்? சீட்டில் யார் பெயர் இருக்கிறது என்று கேட்காத எந்த முறையும் நூத்தின் செயலாளரிடமே போய் முடியும்.

இன்னொரு எல்லையும் உண்டு. முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோனால் ஓதமே உள்ளே வராது. தெற்கே எண்ணூர் அனல்மின் நிலையங்களும் காட்டுப்பள்ளித் துறைமுகமும் வந்தது சீட்டுக் குலுக்கி இல்லை. ஊர் விதி ஊருக்குள்தான் செல்லும். அதற்கு மேலே சட்டம் வேண்டும். வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பிலிருந்து விலகும் உரிமையை பிரான்ஸ் 2017இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இங்கே அதே நோக்கத்தோடு சுப்ரியா சுலே 2018இல் கொண்டுவந்த தனிநபர் மசோதா சட்டமாகவில்லை.

அதுவரை செய்யக்கூடியது சின்னதுதான். அடுத்த ஸ்பிரிண்ட் திட்டமிடும்போது பகலுக்கும் ஒரு பாடு போடச் சொல்லிக் கேட்கலாம்: இன்று குறுக்கீடுகளை எடுப்பவர் ஒருவர், நாளை இன்னொருவர், மற்றவர்கள் தங்கள் பாட்டுக்கு. பட்டியலில் டீம் லீடின் பெயர் இருக்க வேண்டும். ஒப்பந்தப் பணியாளரின் பெயர் இருந்தால், அவருக்கும் அமைதியான நாள்கள் அதே எண்ணிக்கையில் கிடைக்க வேண்டும். இதை யாராவது மறுத்தால், மறுப்பவர் யார் என்று பாருங்கள். உங்கள் கவனம் இதுவரை யாருக்குப் பயன்பட்டது என்பதற்குப் பாதி விடை அங்கேயே கிடைக்கும்.