கட்டியங்காரன் எங்கே நிற்கிறான்? – கதை நடத்துதலின் அதிகாரம் குறித்து

‘கதைசொல்லி’ பற்றித் தமிழில் நிறையவே பேசியாகிவிட்டது. ஆசிரியன் செத்தான், வாசகன் பிறந்தான் என்று பார்த்தின் பெயரைச் சொல்லிச் சொல்லி அதுவும் தேய்ந்துபோயிற்று. கதையை ‘நடத்துகிறவன்’ பற்றி அவ்வளவு பேச்சில்லை. சொல்கிறவன் வேறு, நடத்துகிறவன் வேறு. சொல்கிறவனுக்கு எதிரே இருப்பவர்கள் கேட்கிறவர்கள். நடத்துகிறவனுக்கு எதிரே இருப்பவர்களோ அந்தக் கதைக்குள்ளேயே இருப்பவர்கள். அடுத்து அவர்கள் என்ன செய்வார்கள் என்று அவனுக்கே தெரியாது. தெரியாத ஒன்றை வைத்துக்கொண்டு ஒரு இரவை நகர்த்தியாக வேண்டும். இந்த வேலைக்குள் அதிகாரம் எப்படி இயங்குகிறது என்பதுதான் என் கேள்வி.

இந்தக் கேள்வியை வெளிப்படையாக எழுப்பிக்கொண்ட ஒரு வடிவம் மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் பாத்திர ஆட்டம். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ இதன் தொடக்கம். நாலைந்து பேர் ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொள்கிறார்கள். ஒருவர் மட்டும் தனக்கென்று நாயகப் பாத்திரம் எடுப்பதில்லை. மற்ற உலகம் முழுக்க அவர் பொறுப்பு: மழை, கோட்டை, காவல்காரன், எதிரி எல்லாமே அவர்தான். ‘கேம் மாஸ்டர்’ என்பார்கள். நான் ‘நடத்துநர்’ என்கிறேன். பஸ் ஞாபகம் வருகிறதா? வரட்டும். அதுவும் பொருத்தம்தான். வண்டியை ஓட்டுவது அவரில்லை; ஆனால் அவர் விசில் இல்லாமல் வண்டி நகராது.

எப்படி நடத்துவது என்பதில் இந்த ஆட்டக்காரர்களிடையே ஓயாத சண்டை. சண்டையின் வேர் ராணுவத்தில் இருக்கிறது. பிரஷ்யப் படை அதிகாரி ரெய்ஸ்விட்ஸ் 1824-இல் போர்ப்பயிற்சிக்காக ஓர் ஆட்டத்தை விதிகளோடு அச்சிட்டார். வரைபடம், பகடை, கணக்கு அட்டவணை. நடுவர் அட்டவணையைப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். 1876-இல் வெர்டி து வெர்னுவா என்ற இன்னொரு அதிகாரி இதைக் கவிழ்த்தார். அட்டவணையும் வேண்டாம், பகடையும் வேண்டாம், அனுபவமுள்ள நடுவரின் மதிப்பீடே போதும் என்றார். இன்றைய மேசைகளிலும் இந்த இரண்டு பாணிகள்தான் வேறு வேறு பெயரில் உலவுகின்றன. ஒருவர், ‘பகடை அப்படி விழுந்துவிட்டது, உன் பாத்திரம் செத்தது, அவ்வளவுதான்’ என்பார். இன்னொருவர், ‘கதைக்கு அது ஒத்துவராது, விட்டுத்தள்ளு’ என்பார். முதலாமவர் விதியின் குமாஸ்தா. இரண்டாமவர் கதையின் ஜமீன்தார்.

இவர்களில் யார் சிறந்தவர் என்று கேட்பதே ஏமாற்று. ‘விதி / சுதந்திரம்’ என்ற இந்த இருமை எதிர்வு ஒரு விஷயத்தை மறைக்கிறது. இருவரும் ஒரே இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். பல மேசைகளில் நடத்துநர் முன்னால் அட்டையால் ஆன ஒரு மறைப்பு நிற்கும். அதற்குப் பின்னால் அவருடைய குறிப்பும் பகடையும். ஆடுகிறவர்களுக்குத் தெரியாததைத் தெரிந்துவைத்திருப்பவர் என்ற இருப்பே அவருடைய அதிகாரம். குமாஸ்தாவானாலும் ஜமீன்தாரானாலும் உட்காருவது மறைப்புக்குப் பின்னால்தான்.

இங்கேதான் காஞ்சிபுரத்தைச் சுற்றியுள்ள ஊர்களுக்கு வருகிறேன். கோடை வந்தால் இங்கே திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும். பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. கதை ஒன்று, நடத்தும் பாணி இரண்டு. பிரசங்கியார் வில்லிபுத்தூரார் பாரதத்தை வைத்துக்கொண்டு பாட்டைப் பாடிப் பொருள் சொல்வார். சந்தேகம் எழுந்தால் அதற்கான பதில் அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது. பிரதியின் சாவி அவர் மடியில். ராத்திரியானால் அதே கதை கைமாறிவிடுகிறது. குழுவுக்கு வாத்தியார் என்று ஒருவர் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் களரியில் கதையை முன்னே தள்ளுகிறவன் கட்டியங்காரன்.

கூத்திலும் திரை உண்டு. இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்திருப்பார்கள். ஆனால் திரைக்குப் பின்னால் நிற்பது வேடம் தரித்து வருகிறவன். துரியோதனனோ கர்ணனோ அங்கிருந்துதான் திரை விருத்தம் பாடுவான். கட்டியங்காரன் நிற்பது திரைக்கு முன்னால், ஜனங்கள் நிற்கிற பக்கம். ‘ராஜா வர்றாரு வர்றாருன்னா, எந்த ராஜாய்யா?’ என்கிற தோரணையில் ஜனத்தின் அறியாமையைத் தன்மேல் போட்டுக்கொண்டு கேட்கிறான். அட்டை மறைப்பின் தலைகீழ் இது. அங்கே நடத்துகிறவர் தெரிந்தவர், ஆடுகிறவர்கள் தெரியாதவர்கள். இங்கே நடத்துகிறவன் தெரியாதவனாக நிற்கிறான். ஆடுகிறவன் தன்னை விளக்கியாக வேண்டியிருக்கிறது. கதைக்குள் இவன் ஏவலாள், வாயிற்காப்போன், எடுபிடி. அந்தத் தாழ்ந்த இடத்திலிருந்துதான் காட்சியை நீட்டுகிறான், சுருக்குகிறான், தூங்கி வழிகிற கூட்டத்தை விடியற்காலம் மூன்று மணிக்கு எழுப்புகிறான்.

முடிவுதான் எல்லாருக்கும் தெரியுமே, இதில் என்ன சுதந்திரம் என்று கேட்கலாம். பதினெட்டாம் நாள் துரியோதனன் விழுவான். படுகளத்துக்கென்று மண்ணால் அவன் உருவத்தைத் தரையில் போட்டுவிடுவார்கள். மேசையாட்டக்காரர்களின் மொழியில் இது ரயில் தண்டவாளம்: எந்தப் பக்கம் திரும்பினாலும் வண்டி போய்ச்சேருகிற ஸ்டேஷன் ஒன்றுதான். அவர்கள் இதைக் குற்றமாகச் சொல்கிறார்கள். ஆனால் ஹன்னா டி ப்ரூயின் 1999-இல் வெளியிட்ட கட்டைக்கூத்து பற்றிய ஆய்வுநூல், இந்தக் கலையின் ‘நெகிழ்வு’ என்பதையே தலைப்பில் வைத்தது. சரியாகத்தான் வைத்தது. முடிவு கட்டுண்டிருக்கிறது, நடு இரவு கட்டவிழ்ந்திருக்கிறது. எங்கே போய்ச் சேருகிறோம் என்பது ஊருக்கே தெரிந்திருப்பதால், அந்த அறிவை வைத்து எவனும் எவனையும் மிரட்ட முடியாது. முடிவை ரகசியமாக மடியில் வைத்துக்கொண்டு ‘உனக்குப் பூரண சுதந்திரம்’ என்று சொல்கிற நடத்துநரைவிட இது நாணயமான ஏற்பாடு.

நடத்துதலின் பாணிகளைப் பற்றிய தர்க்கத்தைப் பாரதமே தன் நடுவில் வைத்திருக்கிறது. சூதாட்டச் சபையைப் பாருங்கள். பந்தயம் வைப்பவன் துரியோதனன், பகடை போடுபவன் சகுனி. இந்த ஏற்பாட்டைச் சபை அனுமதித்தது. ஆட்டம் நடந்தது. பிறகு திரௌபதி ஒரு கேள்வி கேட்கிறாள்: தன்னையே தோற்ற பிறகு ஒருவன் என்னை எப்படிப் பந்தயம் வைக்க முடியும்? இது அழுகையல்ல, விதி குறித்த கேள்வி. நடுவரின் தீர்ப்பைக் கோருகிற கேள்வி. பீஷ்மர் தர்மம் சூட்சுமமானது என்று சொல்லி நழுவுகிறார். கௌரவர்களில் இளையவனான விகர்ணன் மட்டும் அவள் வெல்லப்படவில்லை என்கிறான். அவன் வாயை அடைக்கிறார்கள். விதி தெரிந்தவர்களும் அனுபவம் முதிர்ந்தவர்களும் நிறைந்திருந்த சபை அது. ரெய்ஸ்விட்ஸும் வெர்டியும் அங்கே இருந்தார்கள் என்றே வைத்துக்கொள்ளலாம். புத்தகத்தில் பதில் இல்லாத ஒரு கேள்வி வந்தபோது இரண்டு பாணியும் ஊமையாயின.

துகிலுரிதல் இரவில் கூத்து இந்தச் சபையை எப்படி நடத்துகிறது? துச்சாதனன் வேடம் போட்டவர் புடவையில் கை வைக்குமுன் கதையை நிறுத்துகிறார். கற்பூரம் ஏற்றப்படுகிறது. தாயே, நான் வேடக்காரன், செய்வது வேடம், பொறுத்துக்கொள் என்று அம்மனிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் தொடர்கிறார். கதை தானாக ஓடுவதில்லை, யாரோ ஓட்டுகிறார்கள், ஓட்டுகிறவனுக்குக் கூச்சம் இருக்க வேண்டும் என்று களரியே ஒப்புக்கொள்கிற கணம் இது. மேசையாட்டத்தில் இதற்கு இணையாக ‘எக்ஸ் கார்டு’ என்று ஒன்று வந்திருக்கிறது. மேசை நடுவே ஓர் அட்டை. காட்சி தன்னைக் காயப்படுத்துகிறது என்று தோன்றினால் யாரும் அதைத் தொடலாம்; காரணம் கேட்காமல் அதைக் கைவிட்டு ஆட்டம் மேலே போகும்.

வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். அட்டை, நிறுத்துகிற உரிமையைக் காயம்படுகிறவர் கையில் தருகிறது. கூத்தில் நிறுத்துகிறவர் காயப்படுத்துகிற வேடக்காரர். மன்னிப்புக் கேட்பது அம்மனிடம். பாய் விரித்து உட்கார்ந்திருக்கிற பெண்களிடம் யாரும் கேட்பதில்லை. கட்டியங்காரனின் சிரிப்பைப் பாக்தின் துணையோடு கலகம் என்று எழுதுவது சுலபம். ராஜாவைக் கிண்டலடிக்கிற அதே வாய் அடுத்த நிமிஷமே பெண்ணையும் கிண்டலடிக்கிறதே, அது எந்தக் கலகம்? தாழ்ந்த இடத்தில் நிற்பது மட்டும் ஒருவனை ஜனநாயகவாதி ஆக்கிவிடாது. கீழே நின்றுகொண்டு தனக்கும் கீழே இருப்பவர்களை உதைக்கவும் முடியும்.

காஞ்சிபுரத்தில் 1990-இல் தொடங்கப்பட்ட கட்டைக்கூத்துச் சங்கத்தின் வேலையை இந்த இடத்தில் வைத்துத்தான் வாசிக்க வேண்டும். பெருங்கட்டூர் பி. ராஜகோபாலும் டி ப்ரூயினும் முன்னின்று, புஞ்சரசந்தாங்கலில் 2002 முதல் 2020 வரை நடந்த குருகுலத்தில் பையன்களோடு பெண்பிள்ளைகளும் கூத்துக் கற்றார்கள். ஆண்கள் மட்டுமே ஆடிவந்த கலை இது. ஒரு பெண் கிரீடமும் புஜகீர்த்தியும் கட்டிக்கொண்டு திரைக்குப் பின்னால் நிற்கும்போது, கட்டியங்காரனின் ‘யார் நீ?’ என்ற வழக்கமான கேள்வி வழக்கமானதாக இருக்க முடியாது. அவன் பையில் இருக்கிற பழைய பகடிகளில் பாதி அங்கே செல்லாக்காசு. புதிய கேள்வியை அவன் அந்த இடத்திலேயே உண்டாக்கியாக வேண்டும். அவளே கட்டியங்காரனாக வந்தாலோ, சிரிப்பின் திசையே மாறும். பிரதியின் ஒரு வரியைக்கூடத் திருத்தாமல் நடத்துதலை மாற்ற முடியும் என்பதற்கு இதைவிட வேறென்ன உதாரணம் வேண்டும்?

2009-இல் வந்த ‘ஃபியாஸ்கோ’ போன்ற மேசையாட்டங்கள் நடத்துநரையே ஒழித்துவிட்டன. அதிகாரப் பரவல் என்று வரவேற்கலாம். எனக்குத் தயக்கம் இருக்கிறது. நடத்துநர் இல்லாத மேசையில் சத்தமாகப் பேசுகிறவன் நடத்துநராகிவிடுவான். அவனுக்குப் பெயர் இல்லாததால் அவனைக் கேள்வி கேட்கவும் முடியாது. கட்டியங்காரனுக்குப் பெயர் இருக்கிறது, கோமாளி உடுப்பு இருக்கிறது, பார்க்கிறவர்கள் கண்ணில் படும் இடம் இருக்கிறது. ஆகவே விதியா சுதந்திரமா என்பதை விட்டுவிட்டு வேறு மூன்று கேள்விகளால் ஒரு நடத்துநரை அளக்கலாம். மறைப்புக்கு முன்னால் நிற்கிறாரா, பின்னாலா? புத்தகத்தில் இல்லாத கேள்வி வந்தால் பதில் சொல்கிறாரா, சூட்சுமம் என்று நழுவுகிறாரா? ‘நிறுத்து’ என்று சொல்கிற உரிமை யாரிடம் இருக்கிறது? மூன்றாவது கேள்விக்கு நம் களரிகள் இன்னும் பதில் சொல்லவில்லை.