நீரை வரையக் கற்றல்: லா கிரெனுயேர் ஓவியங்கள் பற்றிய ஒரு நோக்கு

1869 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்திலே தம் நண்பரான பிரெடெரிக் பாசீலுக்கு எழுதிய கடிதமொன்றிற் குளோட் மொனே தம்முடைய கனவொன்றைக் குறிப்பிட்டார். பாரிஸ் நகருக்கு மேற்கே செய்ன் நதியிலிருந்த லா கிரெனுயேர் என்னும் நீராடு துறையை முழுமையானதோர் ஓவியமாகத் தீட்டவேண்டும் என்பதே அது. அதற்கென வரைந்து வைத்திருந்தவற்றை அவர் மோசமான முன்வரைவுகள் என்றே மதித்தார். ஒகுஸ்த் ரெனுவாரும் அக்காட்சியைத் தீட்ட விரும்பினார் எனவும் அக்கடிதம் கூறுகின்றது. மனப்பதிவுவாதத்தின் தோற்றுவாயென இன்று போற்றப்படுபவை, மொனே குறைவாக மதித்த அவ்விரைவு வரைவுகளே எனப் பொதுவாகக் கருதப்படுகின்றது.

இருவரும் அருகருகே இருந்து தீட்டியமையால் ஒப்புநோக்குதல் எளிதாகின்றது. மொனேயின் ஓவியம் நியூயோர்க் மெட்ரோபொலிற்றன் அரும்பொருளகத்திலும், ரெனுவாரினது ஸ்ரொக்ஹோம் தேசிய அரும்பொருளகத்திலும் உள்ளன. ஒற்றை மரம் நிற்கும் சிறு தீவு, அதனை மிதக்கும் உணவகத்தோடு இணைக்கும் ஒடுங்கிய பாலம், கட்டப்பட்ட படகுகள் ஆகியன இரண்டிலும் உள. ஆயின் நதி இரண்டிலும் ஒன்றன்று. மொனே நீரின் மேற்பரப்பை அகன்ற கிடைமட்டத் தீற்றல்களாகப் பிரித்தார். அண்மையில் கருமையும் ஒளியும் மாறிமாறிப் பட்டைகளாகக் கிடக்கின்றன; தொலைவு செல்லச்செல்ல அவை சிறுத்து நெருங்குகின்றன. நீருக்கெனத் தனிநிறம் அங்கு இல்லை. வானமும் மரநிழலும் படகும் தந்த நிறமே உண்டு. ரெனுவாரின் கண்ணோ தீவில் நிற்போரின் ஆடைகளிலேயே தங்கிவிடுகிறது. மெல்லிய இறகு போன்ற அவருடைய தீற்றல் இலைக்கும் துணிக்கும் நீருக்கும் ஏறக்குறைய ஒன்றே. மனிதர் அவரிடம் உயிர்பெற்றனர்; நதியைக் கற்றவர் மொனேயே எனல் வேண்டும்.

இக்கற்றலுக்குக் கருவிகளும் துணைநின்றன. 1841 இல் காப்புரிமை பெற்ற உலோக வர்ணக்குழாய் எண்ணெய் வர்ணத்தை ஆற்றங்கரைக்கு எடுத்துச்செல்லல் எளிதாக்கிற்று. உலோகப் பட்டியாற் பிணித்த தட்டைத் தூரிகை ஒரே இழுப்பில் ஒரு பட்டையைத் தந்தது. எனினும் இவையே அனைத்துக்கும் காரணம் எனல் பொருந்தாது. அதே குழாயையும் தூரிகையையும் வைத்துக்கொண்டு பழைய முறையில், படையின்மேற் படையாகப் பூசித் தூரிகைத் தடம் தெரியாது மெழுகியோரே அன்று மிகப்பலர். ஈர வர்ணத்தின்மீது ஈர வர்ணத்தை இட்டு, இட்டதை மெழுகாது விடுவதற்குப் பயிற்சியிற் பெற்ற பலவற்றை மறக்க வேண்டியிருந்தது.

அக்கோடையில் மொனேயின் குடும்பம் பட்டினியால் வாடிற்று. ரெனுவார் தம் வீட்டிலிருந்து பாண் கொணர்ந்து கொடுத்தார். பசித்த ஓவியர் பாரிஸ் நகரத்தார் களிப்புறும் துறையைத் தீட்டியமை வாழ்விலிருந்து ஒதுங்கியதாகாதா என வினவுவோர் உளர். வினா நியாயமானதே. ஆயினும் மொனேயின் ஓவியத்திற் களிப்போர் சில தீற்றல்களாகச் சுருங்கி நிற்பதையும், முன்புறத்தை ஆளற்ற வாடகைப் படகுகள் நிறைத்திருப்பதையும் அவர்கள் நோக்குவதில்லை.

அச்சுப்படிகளைப் பார்த்து இம்முறையைப் பயில்வோர் பெரும்பாலும் தவறுமிடம் ஒன்றுண்டு. சிறுசிறு தீற்றல்களைப் பரப்பெங்கும் தூவினால் நதி தோன்றிவிடும் என அவர்கள் எண்ணுகின்றனர். மொனேயிடமோ தொலைமரங்கள் கலந்து மங்கிய திரளாக நிற்க, படகுகளின் கருவிளிம்புகள் உறுதியாக இழுக்கப்பட்டுள்ளன. அவ்வுறுதியினாலேயே இடையிலுள்ள நீர் அசைகின்றது.