சங்கு ஓய்ந்த மில்லில் இனி யாருக்கு வேலை?

கோவையின் பழைய பொதுக் கட்டடம் எது என்று கேட்டால் பலர் 1892-இல் எழுந்த டவுன்ஹாலைக் காட்டுவார்கள். பூட்டிக் கிடக்கும் தேசிய பஞ்சாலைக் கழக (என்.டி.சி.) மில்களையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது என் எண்ணம். நலிந்த பஞ்சாலைகளை நாட்டுடைமையாக்கிய 1974-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு அவை மக்கள் சொத்து. புலியகுளம் பங்கஜா, ஒண்டிப்புதூர் கம்போடியா, பீளமேடு ரங்கவிலாஸ், மேட்டுப்பாளையம் சாலை முருகன் மில், 1888-இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் தொடங்கி இன்றும் ஊரார் ஸ்டேன்ஸ் மில் என்றே சொல்லும் ஆலை ஆகியவை அந்தப் பட்டியலில் வருகின்றன. 2020 மார்ச் ஊரடங்கில் நின்ற இயந்திரங்கள் பழைய ஓட்டத்துக்குத் திரும்பவே இல்லை. இத்தகைய கட்டடங்களை அலுவலகங்களாகவும் தொழில் வளாகங்களாகவும் மாற்றும் வழக்கம் உலகெங்கும் பரவியிருக்கிறது. நம் ஊருக்கு அது எவ்வளவு பொருந்தும் என்பதை இப்போதே எடைபோட்டாக வேண்டும்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். மில் கொட்டகையைப் போல மறுவாழ்வுக்கு ஏற்ற கட்டடம் அரிது. அக்கால நூற்புக் கொட்டகைகளின் கூரை பெரும்பாலும் ரம்பப் பல் மாதிரி மடிந்து மடிந்து போகும். ஒவ்வொரு மடிப்பிலும் செங்குத்தான பக்கம் வடக்கு பார்த்த கண்ணாடி. நூல் நூற்கும் ரிங் ஃபிரேமில் ஓர் இழை அறுந்தாலும் கண்ணில் படவேண்டும், அதே சமயம் நேர் வெயில் உள்ளே இறங்கக் கூடாது. அதற்காகச் செய்த ஏற்பாடு அது. பகலில் விளக்கே போடாமல் நூறு பேர் உட்கார்ந்து வேலை பார்க்கலாம். கனமான இயந்திரங்களைத் தாங்கிய தரை, உயரமான கூரை, பல மில்களில் தரைக்கடியில் காற்றைத் திருப்பி எடுக்கும் கால்வாய்கள் என்று எல்லாமே இன்றைய தேவைக்கும் உதவும். அந்தக் கால்வாயிலேயே ஒயரையும் குளிர்காற்றையும் கொண்டுபோய்விடலாம். இதையெல்லாம் இடித்துக் குப்பையாக்கிவிட்டு, புதிய சிமெண்டும் இரும்பும் கண்ணாடியும் கொண்டு வருவது காசுக்கும் கேடு, காற்றுக்கும் கேடு.

இதில் சிக்கலும் இருக்கிறது. இங்கிலாந்தில் பிறந்த கூரை அது. கோவை இருப்பதோ 11 டிகிரி வட அட்சரேகையில். ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் கடைசி வாரம் வரை உச்சிச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். கணினித் திரை பார்ப்பவருக்கு அந்த நான்கு மாதமும் கண் கூசும், கொட்டகையும் சூடேறும். கண்ணாடிக்கு வெளியே தடுப்பு வைக்காமல் உள்ளே ஏ.சி.யை மட்டும் கூட்டிக்கொண்டே போனால், பழைய கட்டடத்தைக் காத்ததால் மிச்சமான ஆற்றல் அதிலேயே போய்விடும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுகளைக் கழற்றுவதும் விளையாட்டல்ல. உடையாமல், நனைத்து, பயிற்சி பெற்றவர்கள்தான் இறக்க வேண்டும்.

என் கவலை இந்தச் சிக்கல்களைப் பற்றியது அல்ல, உள்ளே யார் வரப்போகிறார்கள் என்பதைப் பற்றியது. 1910-இல் ஜி. குப்புசாமி நாயுடு தொடங்கிய லட்சுமி மில்ஸின் அவினாசி சாலை வளாகம் இன்று நகர மையமாகியிருக்கிறது. 2023 ஜூனில் அங்கே லூலூ ஹைப்பர் மார்க்கெட் வந்தது. தனியார் சொத்தை இடித்து மனை போடாமல் புழக்கத்தில் வைத்திருப்பது பாராட்டத்தக்கது. திரைப்பட முன்னோடி சாமிக்கண்ணு வின்சென்ட் கட்டி, பின்னர் டிலைட் தியேட்டரான வெரைட்டி ஹாலுக்கு அந்த நல்லூழ் வாய்க்கவில்லை. அது இடிபட்டு, சாலைக்குப் பெயர் மட்டும் மிஞ்சியது. ஆனால் பொருள் செய்த இடம் பொருள் வாங்கும் இடமாவது எல்லா மில்லுக்கும் விதியாகிவிடக் கூடாது. அரசு மில்லுக்குக் கூடவே கூடாது.

மும்பையைப் பாருங்கள். மூடிய மில் நிலத்தை நகரத்தின் திறந்தவெளிக்கு ஒரு பங்கு, மலிவு வீடுகளுக்கு ஒரு பங்கு, உரிமையாளருக்கு ஒரு பங்கு என்று மூன்றாகப் பிரிக்க 1991-இல் விதி வந்தது. கட்டடம் இல்லாத காலி இடத்துக்கு மட்டுமே அந்தப் பங்கீடு என்று 2001 திருத்தம் குறுக்கியது. பொதுமக்களுக்கு வரவேண்டிய நிலம் சுருங்கிப்போனது. 2005-இல் என்.டி.சி.யே தன் மும்பை மில்களில் சிலவற்றை விற்றது. ஜூபிடர் மில் நின்ற இடத்தில் இன்று அலுவலகக் கோபுரங்கள் நிற்கின்றன. அலுவலகமும் உணவகமுமாக மாறிய கமலா மில்ஸ் வளாகத்தில் 2017 டிசம்பர் 29-இல் தீப்பிடித்து 14 பேர் இறந்தார்கள். பழைய வளாகத்தை வாடகைக்குத் துண்டு துண்டாக நெருக்கினால் தீயணைப்பு வழியும் சேர்ந்து அடைபடும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

ஆகவே என் நிலை இதுதான். மில்லைத் திரும்ப ஓட்ட முடியுமா என்பதே முதல் கேள்வி. தொழிலாளர்கள் வருடக் கணக்கில் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். முடியாது என்று அரசு முடிவு செய்தால், அவர்களது பாக்கியை முழுதாகத் தீர்த்துவிட்டுத்தான் கட்டடத்தின் அடுத்த வாழ்வைப் பற்றிப் பேச வேண்டும். நிலத்தை விற்கக் கூடாது, குத்தகைக்குத்தான் விட வேண்டும். உள்ளே மென்பொருள் நிறுவனம் வரட்டும், ஆனால் அது மட்டும் வரக் கூடாது. பீளமேட்டிலும் கணபதியிலும் வீட்டுச் சந்துக்குள் இரண்டு லேத் போட்டு பம்ப்செட்டுக்கும் கிரைண்டருக்கும் ஜாப் ஒர்க் செய்பவர்களுக்கு வாடகை கட்டுப்படியாகும் இடம் வேண்டும். டிசைன் வரையும் பெண்ணும் அதை வார்த்தெடுக்கும் ஃபவுண்டரிக்காரரும் ஒரே வளாகத்தில் சந்தித்தால் இந்த ஊருக்கு அது புதுத் தெம்பு. குறிப்பிட்ட பங்கு இடத்தைக் குறைந்த வாடகைக்கு ஒதுக்கி, அதைக் குத்தகைப் பத்திரத்திலேயே எழுதிவிட வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டது மும்பையில் என்னவானது என்று பார்த்துவிட்டோம்.

பழைய கட்டடங்களை மாற்றும் இந்த வழக்கம் நினைவு வைப்பதிலும் தடுமாறுகிறது. வரவேற்பறையில் பழைய இயந்திரம் ஒன்றைப் பளபளப்பாக நிறுத்திவிட்டால் கடமை முடிந்ததாக எண்ணுகிறார்கள். ரங்கவிலாஸ் மில் தொழிலாளர் போராட்டத்தின் தொடர்ச்சியாக, சின்னியம்பாளையத்தைச் சேர்ந்த நான்கு பேர் 1946 ஜனவரி 8 அன்று கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார்கள். அந்த மில்லுக்குள் வேலைக்கு வரும் இளைஞர்கள் ராமையன், வெங்கடாசலம், சின்னையன், ரங்கண்ணன் என்ற பெயர்களை நுழைவாயிலில் படிக்க வேண்டும். ஷிப்டு நேரம், கூலி, பெண்கள் செய்த வேலை எல்லாவற்றையும் பதிவு செய்ய, மில்லில் வேலை பார்த்தவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள்.

லண்டனின் பேட்டர்சி மின் நிலையம் 1983-இல் நின்று, மக்களுக்குத் திறக்க 2022 ஆயிற்று. கூரை போய்ச் சுவர் மட்டும் நின்ற காலமே அதில் அதிகம். நம் மில்களை அப்படி விடத் தேவையில்லை. யாருக்குக் குத்தகை என்று முடிவாகும் வரை காத்திராமல், தண்ணீர் இறங்கும் கூரைகளை வடகிழக்குப் பருவமழைக்கு முன் அடைத்து, கட்டடங்களை அளந்து வரைபடம் எடுக்கும் வேலையைத் தேசிய பஞ்சாலைக் கழகம் இந்த ஆண்டே தொடங்கலாம்.